எருதில் பிறந்த தேனீ

உலகில் நெடுங்காலம் நிலைத்து நின்ற பிழைகள் பல. அவற்றுட் சில, கல்லாதார் வாயிற் பிறந்து கற்றார் ஏட்டில் வளர்ந்தவை. இறந்த எருதின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்ற கொள்கை அத்தகையது. கிரேக்கரும் உரோமரும் இதனை நம்பினர். எகிப்து நாட்டார் இதனை ஒரு தொழிலாகவே செய்து வந்தனர் என்று எழுதியும் வைத்தனர். பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோப்பிள் நகரில் தொகுக்கப்பெற்ற உழவு நூலிலும் இதற்குரிய முறை விரிவாக வகுத்துக் கூறப்பட்டது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் இக்கொள்கை கற்றோரிடையே வழங்கி வந்தது.

கிரேக்க மொழியில் இதற்குப் 'பூகோனியா' என்று பெயர். 'எருதிற் பிறத்தல்' என்பது அதன் பொருள். புழு பூச்சிகள் அழுகலிலிருந்து தாமே தோன்றும் என்பது பண்டை நாளில் எங்கும் பரவியிருந்த எண்ணம். ஆதலின் எருதிலிருந்து ஏதோ ஒரு பூச்சி தோன்றும் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் தேனீ ஏன்? ஈ என்றோ வண்டு என்றோ சொல்லாமல், தேன் தரும் தேனீயே பிறக்கும் என்று அத்துணை உறுதியாகக் கூற என்ன காரணம்? எதையோ கண்டிருந்தாலன்றி இவ்வாறு கூறியிருக்க இயலாது. கண்டது எது என்பதே வினா. அவ்வினாவிற்கு 1890ஆம் ஆண்டுகளில் விடை கூறியவர் கவிஞருமல்லர், சமய அறிஞருமல்லர். ஈக்களின் சிறகு நரம்பையும் உடல் மயிரையும் எண்ணிப் பார்த்து வாழ்நாளைச் செலவிட்ட உருசிய நாட்டு அறிஞர் ஒருவர் அவர்.

வர்ஜில் வகுத்த முறை

உரோமப் பெருங்கவிஞர் வர்ஜில், கி.மு. 29ஆம் ஆண்டளவில் உழவுத் தொழிலைப் பொருளாகக் கொண்ட 'ஜார்ஜிக்ஸ்' என்னும் நூலை நிறைவு செய்தார். அதன் நான்காம் பகுதி முழுவதும் தேனீ வளர்ப்பைப் பற்றியது. கூட்டில் உள்ள தேனீக்கள் அனைத்தும் நோயால் மாண்டுவிட்டால் உழவன் என் செய்வது என்ற இடத்தில், எகிப்தியர் கையாண்ட முறை என்று சொல்லி இதனை விவரிக்கிறார்.

முதலில் ஒடுக்கமான சிறு கட்டடம் ஒன்று கட்ட வேண்டும். நான்கு திசைக் காற்றுக்கும் எதிராக நான்கு சாளரங்கள் வைக்க வேண்டும். கொம்பு வளையத் தொடங்கிய ஈராண்டுக் காளை ஒன்றைக் கொணர்ந்து, மூக்கையும் வாயையும் அடைத்து, தோல் கிழியாதவாறு அடித்துக் கொல்ல வேண்டும். உடலின் அடியில் மரக்கிளைகளைப் பரப்பி, நறுமணத் தழைகளை இட்டு, அறைக்குள் விட்டுவிட வேண்டும். இளவேனிற் காற்று வீசத் தொடங்கும் காலத்தில், தகைவிலான் குருவிகள் கூடு கட்டுமுன் இதனைச் செய்ய வேண்டும். நாளடைவில் உள்ளே கால் இல்லாத உயிர்கள் நெளியும். பின்னர் அவை சிறகு பெற்று, கோடை மழை பொழிந்தாற்போல வெளியே பறந்து வரும்.

இம்முறை எங்ஙனம் தோன்றிற்று என்பதற்கு அரிஸ்டேயஸ் என்பானின் கதையையும் வர்ஜில் கூறுகிறார். தன் தேனீக்களை எல்லாம் இழந்த அரிஸ்டேயஸ், நான்கு காளைகளையும் நான்கு கிடாரிகளையும் பலியிட்டான். ஒன்பதாம் நாள் விடியலில் அவற்றின் உடலிலிருந்து தேனீக் கூட்டம் எழுந்தது என்பது கதை.

இக்கொள்கை வர்ஜிலோடு தொடங்கியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டினரான கரிஸ்டஸ் நகரத்து அந்திகோனஸ், எகிப்தில் எருதைக் கொம்புகள் மட்டும் வெளியே தெரியுமாறு புதைத்து வைத்து, பின்னர்க் கொம்பை அறுத்தால் தேனீக்கள் பறந்து வரும் என்று எழுதினார். வர்ஜிலின் காலத்து உழவு நூலாசிரியரான வார்ரோ இதனை எடுத்துரைத்தார். ஓவிட் என்னும் கவிஞர் இன்னும் ஒருபடி மேலே சென்று, எருதிலிருந்து தேனீ பிறப்பது போலப் போர்க் குதிரையைப் புதைத்தால் குளவி பிறக்கும் என்றும் பாடினார். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலிலும் இதற்கு இடமளித்தார்.

'கியோபோனிகா' என்ற பிற்கால உழவுத் தொகுப்பு நூல் தரும் விவரம் எல்லாவற்றினும் நுட்பமானது. கட்டடம் பத்து முழ உயரமும் அதே அளவு நீள அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும். வாயில் ஒன்று, சாளரம் நான்கு. எருதுக்கு வயது முப்பது திங்கள். ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் கொல்லுதல் வேண்டும். கண், காது, மூக்கு முதலிய துளைகளைக் கீல் தடவிய துணியால் அடைத்தல் வேண்டும். கதவையும் சாளரங்களையும் களிமண்ணால் பூசிவிடல் வேண்டும். மூன்று வாரம் கழித்துத் திறந்து காற்றும் ஒளியும் புகவிட்டு, மீண்டும் மூட வேண்டும். அதன்பின் பதினோராம் நாள் திறந்தால் அறை முழுவதும் தேனீக்கள் கொத்துக் கொத்தாக அடைந்திருக்கும். எருதின் கொம்பும் எலும்பும் மயிருமே எஞ்சியிருக்கும்.

ஐயுற்றவர் இருவர்

இவ்வளவு விவரமாக எழுதியவர்களுள் எத்துணைப் பேர் இதனைச் செய்து பார்த்தனர்? ஒருவர் நூலை ஒருவர் பார்த்து எழுதினர் என்பதே நூல்களை ஒப்பு நோக்குவார்க்குப் புலனாகும் உண்மை. வார்ரோவும் வர்ஜிலும் சொன்னதனால் பிறர் நம்பினர். பிறர் நம்பியதனால் பின்வந்தோரும் நம்பினர்.

ஆயினும் ஐயுற்றவர் அன்றும் இல்லாமல் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்பவர் தாமே நிலம் வைத்து உழுதவர். தேனீ வளர்ப்பைப் பற்றி விரிவாக எழுதிய அவர், இம்முறையை விளக்குவது வீண்வேலை என்று ஒதுக்கினார். எருதைக் கொன்று ஈடு செய்ய வேண்டிய அளவுக்குத் தேனீக்கள் முற்றிலும் அழிந்துபடுவதில்லை என்று செல்சஸ் என்னும் அறிஞர் கூறியதே தமக்கும் உடன்பாடு என்றார். இஃது உழவனின் கணக்கு. தேனீயை இழந்தவன் அத்தோடு எருதையும் இழக்க வேண்டுமா என்ற கேள்வி அதில் மறைந்து நிற்கிறது. பண்டை உழவனுக்கு எருது என்பது ஏரும் வண்டியும் ஆகும். ஒரு காளையைக் கொன்று, ஒரு மாதம் காத்திருந்து, கதவைத் திறந்தவனுக்குக் கிடைத்தது தேன் தராத ஒரு பூச்சிக் கூட்டமே என்றால், அப்பிழையின் விலை சிறிதன்று.

இரண்டாமவர் ஐயுற்றார் என்பதைவிட, பேசாமல் விட்டார் என்பதே பொருந்தும். அவர் அரிஸ்டாட்டில். வர்ஜிலுக்கு முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட அவர், தேனீக்களின் தோற்றத்தைப் பற்றி நீள ஆராய்ந்தார். எருதுக் கதையை அவர் ஏற்று எழுதவில்லை. தேனீயின் பிறப்பைப் பற்றிய செய்திகள் இன்னும் போதிய அளவு தெளியவில்லை என்றும், தெளியுங்காலத்தில் கோட்பாட்டைவிடக் கண்ணாற் கண்டதையே நம்ப வேண்டும் என்றும் அவர் எழுதினார். அதைவிட முக்கியமான மற்றொன்றும் அவர் நூலில் உண்டு. இரு சிறகுடைய பூச்சி எதற்கும் பின்புறத்தில் கொடுக்கு இல்லை. பின்புறம் கொடுக்குடையவை நாற்சிறகு உடையவையே என்று அவர் பிரித்துக் காட்டினார்.

இப்பிரிவே பூகோனியாப் பூட்டின் திறவுகோல். அறையின் கதவைத் திறந்தவுடன் ஒரு பூச்சியைப் பிடித்துச் சிறகை எண்ணிப் பார்த்திருந்தால், கதை அன்றே முடிந்திருக்கும். திறவுகோல் ஏட்டில் இருந்தது. பூட்டைத் திறக்க ஒருவரும் அதனைக் கையில் எடுக்கவில்லை.

அழுகலிற் பிறப்பதில்லை

முதலில் தகர்ந்தது, அழுகலிலிருந்து உயிர் தானே தோன்றும் என்ற அடிப்படை எண்ணம். இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, 1668ஆம் ஆண்டில் பூச்சிகளின் பிறப்பைப் பற்றிய தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். சில கலங்களில் இறைச்சியை இட்டுத் திறந்து வைத்தார். வேறு சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். திறந்த கலங்களில் புழு வைத்தது. மூடியவற்றில் இறைச்சி அழுகியதேயன்றிப் புழு தோன்றவில்லை. ஈ இட்ட முட்டையே புழுவாகிறது என்பது தெளிவாயிற்று. எருதிலிருந்து தேனீ பிறக்கும் என்ற கதையையும் அவர் அந்நூலில் எடுத்து ஆராய்ந்து மறுத்தார்.

அதே நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டு யான் ஸ்வாமர்டாம் தேனீயை அறுத்துப் பார்த்து, கூட்டின் 'அரசன்' என்று பல்லோரும் கூறி வந்தது முட்டையிடும் பெண் என்று காட்டினார். அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து, 1737, 1738ஆம் ஆண்டுகளில் அவ்வாராய்ச்சிகள் நூலாக வந்தன. தேனீ எங்கே பிறக்கிறது, எப்படிப் பிறக்கிறது என்பதில் பின்னர் ஐயம் இருக்க இடமில்லை.

ஆகவே தேனீ எருதிற் பிறப்பதில்லை என்பது முடிந்த முடிபாயிற்று. ஆனால் பிழை என்று சொல்வது வேறு. பிழை எப்படி நேர்ந்தது என்று விளக்குவது வேறு. பண்டையோர் பொய் சொன்னார்கள் என்று கூறிக் கற்றோர் பலர் அமைந்துவிட்டனர். அவர்கள் எதைக் கண்டனர் என்று கேட்க ஒருவர் தேவைப்பட்டார்.

ஈயை அறிந்த பெருமகன்

கார்ல் ராபர்ட் ஆஸ்டன் சாக்கன் 1828ஆம் ஆண்டில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். உருசிய அரசின் அயல்நாட்டுத் துறையிற் சேர்ந்து, 1856ஆம் ஆண்டில் வாஷிங்டனுக்குத் தூதரக அலுவலராகச் சென்றார். பின்னர் நியூயார்க்கில் உருசியாவின் தலைமைத் துணைத்தூதராக 1871 வரை பணியாற்றினார். அலுவல் தூதுத்தொழில், உள்ளம் முழுவதும் ஈக்கள் மேல். அமெரிக்க ஈக்களைத் தொகுத்து வகைப்படுத்தியவர்களுள் அவர் தலைசிறந்தவர். ஈயின் உடலில் எந்தெந்த இடத்தில் எத்தனை முரட்டு மயிர் நிற்கிறது என்பதைக் கொண்டே இனத்தைப் பிரித்தறியும் முறையை ஒழுங்குபடுத்தியவரும் அவரே. பணியினின்று நீங்கிய பின் செருமனியின் ஹைடல்பர்க் நகரில் தங்கி, 1906ஆம் ஆண்டில் மறைந்தார்.

எருதிற் பிறந்த தேனீக்களைப் பற்றிய அவரது ஆராய்ச்சி 1894ஆம் ஆண்டில் ஹைடல்பர்க்கில் நூலாக வெளிவந்தது. அவர் துணிபு இதுவே: பண்டையோர் கண்டது தேனீ அன்று. தேனீயைப் போலவே தோன்றும் ஓர் ஈ. அதன் அறிவியற் பெயர் எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ். பூக்களின் முன்னே அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் ஈக்குடும்பத்தைச் சேர்ந்தது. உருவில் ஆண் தேனீயை ஒத்திருத்தலால் ஆங்கிலேயர் இதற்கு அப்பெயரையே அடைமொழியாக வைத்தனர்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் இவ்வீக்குப் பெயரிட்டார். 'டெனாக்ஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'விடாப்பிடியானது' என்று பொருள். சாக்கடையிலும் நாறும் நீரிலும் வாழும் இதன் புழு, காகிதம் செய்யும் கூழிற் கிடந்தால் அழுத்துப்பொறியில் இட்டாலும் எளிதிற் சாவதில்லை என்று அவர் குறித்தார்.

இப்புழுவே கதையின் உயிர்நிலை. இதற்கு எலிவால் புழு என்று பெயர். அழுகிய நீரில் உயிர்வளி மிகக் குறைவு. ஆகவே இப்புழு நீருக்கடியில் இருந்துகொண்டே, தன் பின்புறத்திலுள்ள நீண்ட மூச்சுக்குழலை நீர்மட்டத்துக்கு நீட்டிக் காற்றை வாங்குகிறது. அக்குழல் தொலைநோக்குக் கண்ணாடியின் குழாய்கள்போல ஒன்றினுள் ஒன்று அடங்குவது. வேண்டுமானால் உடலின் நீளத்தைப் போலப் பன்மடங்கு நீளும். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1738ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பூச்சிநூற் பகுதியில் இதனை அழகாக விளக்கியுள்ளார். சாணக் குட்டை, சாக்கடை, அழுகி நீர்த்துப்போன பிணம் ஆகியவை இப்புழுவுக்கு ஏற்ற இடங்கள். முதிர்ந்ததும் ஈரத்தை விட்டு வெளியேறி, உலர்ந்த மண்ணில் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவரும். முட்டை முதல் ஈ வரை வெப்பத்துக்கேற்ப ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

இப்பொழுது கியோபோனிகா கூறும் கணக்கை நோக்குக. மூன்று வாரமும் பதினொரு நாளும் சேர்ந்தால் முப்பத்திரண்டு நாள். வர்ஜிலின் கதையில் வரும் ஒன்பது நாளில் இவ்வீ தோன்ற இயலாது. அது கவிஞரின் கணக்கு. உழவு நூலின் கணக்கோ ஈயின் வளர்ச்சியோடு பொருந்துகிறது. எங்கோ, எவரோ, உண்மையிலேயே கதவைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அவர் நாளைச் சரியாக எண்ணினார். சிறகை எண்ணத் தவறினார்.

ஈயை அறிவது எங்ஙனம்?

இவ்வீயைத் தேனீயினின்றும், தன் இனத்துப் பிற ஈக்களினின்றும் பிரித்தறியும் அடையாளங்கள் தெளிவானவை.

முதலாவது சிறகு. தேனீக்கு நான்கு, ஈக்கு இரண்டு. ஈயின் பின்சிறகுகள் இருந்த இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு தண்டுகள் உள்ளன. பறக்கும்போது உடலைச் சமன் செய்வன அவையே. இரண்டாவது உணர்கொம்பு. தேனீயின் உணர்கொம்பு நீண்டு முழங்கைபோல் மடங்கியிருக்கும், ஈயினது குட்டையானது. மூன்றாவது கண். ஈயின் கண்கள் தலையின் பெரும்பகுதியைக் கவர்ந்து நிற்கும். ஆண் ஈயில் இரு கண்களும் உச்சியில் ஒன்றையொன்று தொடும். நான்காவது கால். வேலைக்காரத் தேனீயின் பின்காலில் மகரந்தம் சுமக்கும் கூடை உண்டு. ஈக்கு அது இல்லை. ஐந்தாவது கொடுக்கு. ஈக்கு அது இல்லாமையால் கையாற் பிடித்தாலும் கொட்டாது.

இவை தேனீயினின்று பிரிக்கும் அடையாளங்கள். எரிஸ்டாலிஸ் என்னும் பேரினத்துக்குள் நுழைந்தால் இன்னும் நுணுகிப் பார்க்க வேண்டும். அப்பேரினத்து ஈக்களின் சிறகில் ஒரு நரம்பு நேரே செல்லாமல், நடுவில் ஆழமாகக் கீழ்நோக்கி வளைந்து மீண்டும் எழும். டெனாக்ஸ் இனத்துக்குரிய தனி அடையாளம் கண்ணில் உள்ளது. அதன் ஒவ்வொரு கண்ணிலும் கருமயிர் அடர்ந்து, மேலிருந்து கீழாக இரு பட்டைகளாக ஓடும். முகத்தின் நடுவே அகன்ற கரிய கோடு ஒன்று இறங்கும். பின்காலின் கணைக்கால் பருத்து, சற்றே வளைந்து, கறுத்திருக்கும். வயிற்றின் முன்பகுதியில் பழுப்புக் கலந்த செம்மஞ்சள் திட்டுகள் இருபுறமும் அமைந்து, நடுவிற் கரிய நிறம் உடுக்கையின் வடிவாகத் தோன்றும். பெண் ஈ பெரும்பாலும் ஆணைவிடக் கருமை மிகுந்தது. நீளம் ஏறக்குறைய 13 முதல் 15 மில்லிமீட்டர், அளவிலும் தேனீயே.

நிறமும் அளவும் மட்டுமன்று, நடையும் தேனீயை ஒத்தது. பூவிற்குப் பூ செல்லும் வேகத்திலும், ஒரு பூவில் தங்கும் நேரத்திலும் இவ்வீ தேனீயை ஒத்திருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று அளந்து காட்டியது. கொடுக்குடைய பூச்சியைப் போலத் தோன்றுவது கொடுக்கில்லாத பூச்சிக்குக் காப்பாகும். பறவை ஒருமுறை கொட்டுப்பட்டால் அவ்வுருவை மறவாது. இவ்வகைப் போலித் தோற்றத்தின் பயனை அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு 1862ஆம் ஆண்டில் விளக்கியவர் ஹென்றி பேட்ஸ். பறவையை ஏய்க்க அமைந்த உரு, வர்ஜிலையும் பிளினியையும் ஏய்த்தது என்பதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை.

வாழும் இடமும் ஒரு சான்று

ஒரு பூச்சியை இன்னதென்று துணிய, உடலடையாளம் மட்டும் போதாது; அது எங்கே வாழ்வது என்பதும் பொருந்த வேண்டும். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய பழைய உலகின் பெரும்பகுதி இவ்வீயின் இயல்பான இருப்பிடம். இத்தாலி, கிரீசு, எகிப்து, பாலஸ்தீனம் ஆகிய கதை வழங்கிய நாடுகள் அனைத்தும் அவ்வெல்லைக்குள் அடங்கும். வட அமெரிக்காவிலோ 1870ஆம் ஆண்டுகளிலேயே இது முதலிற் புலப்பட்டு, விரைந்து பரவிற்று. பின்னர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை சென்று, இன்று அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் காணப்படுகிறது. மனிதனும் கால்நடையும் செல்லுமிடமெல்லாம் சாணக் குட்டையும் சாக்கடையும் செல்கின்றன. அவற்றோடு இதுவும் சென்றது.

கீழ்நாடுகளின் நிலை என்ன என்ற வினாவும் எழுந்தது. அதற்கு விடை தேடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர், அந்நாளில் இலண்டனில் தங்கியிருந்த சப்பானிய அறிஞர் மினகட்டா குமகுசு. 'நேச்சர்' இதழில் 1894ஆம் ஆண்டில் தேனீ, குளவி பற்றிய கீழ்நாட்டு நம்பிக்கைகளை எடுத்து எழுதினார். 1898ஆம் ஆண்டில் இவ்வீ இந்தியாவிற் காணப்படுவதைக் குறித்தும் அவ்விதழில் எழுதினார். இந்திய ஈக்களைப் பற்றிப் புருனெட்டி 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியிலும் இவ்வினம் இடம்பெற்றது. இமயமலைப் பக்கம் இதற்கு உகந்த இடமாகும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தேனீ போன்ற ஈயெல்லாம் டெனாக்ஸ் ஆகா. மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பம் மிகுந்த தாழ்நிலங்களில் பூச்செடிகளை நாடும் இவ்வினத்து ஈக்களுள், கண்ணிற் புள்ளிகள் சிதறிய எரிஸ்டாலினஸ் என்னும் பேரினத்தவை உண்டு. கண்ணில் புள்ளி இருந்தால் அது வேறு; மயிர்ப் பட்டை இருந்தாலே டெனாக்ஸ்.

இவ்வாறே கதைகளிலும் எல்லாவற்றையும் ஒரே ஈயின் தலையிற் கட்டுதல் தகாது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில், சிம்சோன் தான் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீயும் தேனும் கண்டான் என்று வருகிறது. ஆங்கில நாட்டுச் சர்க்கரைப் பாகு நிறுவனம் ஒன்று, இறந்த சிங்கத்தையும் அதனைச் சூழ்ந்த தேனீக்களையும் தன் தகரக் குவளையில் நூறாண்டுக்கு மேலாக அச்சிட்டு வந்தது இக்கதையை ஒட்டியே. இங்கும் ஈயைக் கண்டே மயங்கினர் என்பார் உளர். ஆனால் இக்கதையில் தேன் இருக்கிறது. எந்த ஈயும் தேன் சேர்ப்பதில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு கூறும் செய்தி ஒன்று இங்கு ஒளி தரும். சைப்பிரசு தீவின் அமத்துஸ் நகரத்தார், பகைவனாகிய ஒனேசிலசின் தலையை வெட்டி வாயிலின் மேல் தொங்கவிட்டனர். அது உலர்ந்து உட்குழிந்தபின் தேனீக்கள் அதனுட் புகுந்து அடை கட்டின. உலர்ந்த குடைவில் உண்மைத் தேனீ கூடு கட்டும்; ஈர அழுகலில் ஈயின் புழு வளரும். ஆகவே உடல் அழுகிய நிலையா, உலர்ந்த நிலையா என்று கேட்டே தீர்ப்புக் கூற வேண்டும். எருதுக் கதை ஈரத்தைச் சேர்ந்தது. சிங்கக் கதை உலர்ந்ததைச் சேர்ந்ததாக இருத்தல் கூடும்.

தமிழரிடை வழங்கிய ஒப்புமை

இத்தகைய மயக்கம் மேல்நாட்டார்க்கே உரியதன்று. குளவி, புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கி விடுகிறது என்ற நம்பிக்கை பாரத நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. வடநூலார் இதனைப் பிரமர கீட நியாயம் என்பர். தமிழ்ச் சமய நூல்களில் வேட்டுவன் என்ற குளவிப் பெயரோடு இவ்வுவமை வருவதை ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். பழமொழியாகவும் அது வழங்குகிறது. குரு சீடனைத் தன்வண்ணமாக்குதலுக்கு இதனினும் இனிய உவமை வாய்ப்பது அரிது.

உண்மையில் நடப்பது வேறு. குளவி மண்ணாற் கூடு கட்டி, புழுவைக் கொட்டிச் செயலறச் செய்து, உள்ளே வைத்து, முட்டையிட்டு மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. புழு உள்ளே போவதைக் கண்டார்கள். குளவி வெளியே வருவதைக் கண்டார்கள். இடையில் நடந்ததைக் காணவில்லை. எகிப்திலும் இதுவே நேர்ந்தது. எருது உள்ளே சென்றது. பூச்சி வெளியே வந்தது. களிமண் பூசிய கதவு நடுவை மறைத்தது.

உவமை என்ற அளவில் குளவியின் கதைக்கு எக்குறையும் இல்லை. உவமையால் விளங்கும் பொருள் பூச்சிநூலை நம்பி நிற்பதன்று. ஆனால் எருதின் கதை உவமையாக நில்லாமல் செய்முறையாகிவிட்டது. செய்முறை பிழைத்தால் விலை கொடுப்பவன் உழவன். உயிர் கொடுப்பது எருது.

முடிவாக ஒன்று. எருதுக் கதை வழக்கொழிந்த போதிலும், ஈயைத் தேனீ என்று கொள்ளும் மயக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. தேனீயைப் பற்றிய கட்டுரைகளோடு இவ்வீயின் படம் அச்சாவது இன்றும் உண்டு. இவ்வீயும் பூக்களில் மகரந்தம் சேர்த்து உழவனுக்கு உதவுவதே. ஆனால் தேனீயை வளர்க்கும் முறை வேறு, ஈ பெருகும் முறை வேறு. பெயர் பிழைத்தால் காப்பும் பிழைக்கும். ஆஸ்டன் சாக்கன் பண்டையோரை எள்ளி நகையாடவில்லை. அவர்கள் ஏதோ ஒன்றைக் கண்டனர் என்று நம்பி, அதனை ஈயின் சிறகிலும் புழுவின் வாலிலும் தேடிக் கண்டெடுத்தார். பழைய நூலைப் படிப்பார்க்கு அவர் காட்டிய நெறி இது: நூல் சொன்னது என்று அப்படியே கொள்ளுதலும் வேண்டா, பொய் என்று எறிந்துவிடுதலும் வேண்டா. கதவைத் திறந்து, ஒன்றைப் பிடித்து, சிறகை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.